ஒரே ஒன்றியத்துத் தொடக்கப் பள்ளிகளை எப்படி ஒப்பிடுவது?

மே மாதக் கடைசியில் எனக்கு வழக்கமாக வரும் கேள்வி இது: "எங்க ஊர்ல ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம் இருக்கு. ஒரு கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஊர்ல இன்னொண்ணு இருக்கு. ரெண்டும் கவர்மென்ட்தான். எது நல்ல பள்ளிக்கூடம்?" சிலர் அடுத்த மூச்சிலேயே, "இல்ல, வேன் வர்ற பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிடலாமா?" என்றும் கேட்பார்கள்.

பள்ளிக் கல்விப் புள்ளிவிவரங்களை நோண்டிக்கொண்டிருப்பவன் என்பதால் என்னிடம் ஒரு ரேங்க் பட்டியல் இருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். பட்டியல் போடுவது ஒன்றும் கஷ்டமில்லை. பள்ளிவாரியான விவரங்கள் பொதுவில் கிடைக்கின்றன. ஒரு எக்ஸெல் ஷீட்டில் போட்டு வரிசைப்படுத்தினால் பத்து நிமிஷ வேலை. ஆனால் கிராமப்புற ஒன்றியம் ஒன்றுக்கு அப்படிப் போட்ட பட்டியல், பள்ளியின் தரத்தைவிடப் பள்ளியின் அளவைப் பற்றித்தான் அதிகம் சொல்லும். ஏன் அப்படி, அதற்குப் பதிலாக எதைப் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

இந்த ஒப்பீட்டைப் பெற்றோர் மட்டும் செய்வதில்லை. எந்தத் தலைமையாசிரியருக்குப் பாராட்டு, யாருக்கு மெமோ, எந்த ஆசிரியரை எங்கே மாற்றுவது, எந்தப் பள்ளியை எதோடு இணைப்பது என்று முடிவெடுப்பவர்களும் இதே எண்களைத்தான் பார்க்கிறார்கள். அதனால் எண்ணைத் தப்பாகப் படித்தால், ஒரு சின்ன ஊர் தன் பள்ளிக்கூடத்தையே இழக்கலாம்.

முதலில், எதோடு எதை ஒப்பிடுகிறோம்?

தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் பெரும்பாலும் "ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி" என்றுதான் எழுதியிருக்கும். பெயரில் ஒன்றியம் இருந்தாலும் அந்த ஆசிரியர்கள் 1981 ஜூன் 1 முதல் அரசு ஊழியர்கள். நிர்வாகம் தொடக்கக் கல்வித் துறையிடம் இருக்கிறது. ஒன்றிய அளவில் மேற்பார்வை செய்பவர் வட்டாரக் கல்வி அலுவலர். பழைய ஆட்கள் இன்னும் "ஏ.இ.ஓ." என்றே சொல்வார்கள்.

ஆனால் ஒரு ஒன்றியத்துக்குள் இருக்கும் எல்லாப் பொதுப் பள்ளிகளும் இந்த ஒரே ரகம் கிடையாது. ஒன்று முதல் ஐந்து வரை உள்ள தொடக்கப் பள்ளி ஒரு வகை. எட்டு வரை உள்ள நடுநிலைப் பள்ளியின் தொடக்க வகுப்புகள் இன்னொரு வகை. அரசு சம்பளம் கொடுக்க, தனியார் நிர்வாகம் நடத்தும் உதவிபெறும் பள்ளி மூன்றாவது. இவை தவிர, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், மலைப்பகுதிகளில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள், மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் ஆகியவை வேறு துறைகளின் கீழ் இயங்குகின்றன. பட்டியலில் "நிர்வாகம்" என்ற கட்டத்தில் ஒரே ஒரு வகையை மட்டும் தேர்ந்தெடுத்தால், அடுத்த தெருவில் இருக்கும் பள்ளிகூடக் காணாமல் போய்விடும். காலனிக் குழந்தைகள் படிக்கும் பள்ளி ஒப்பீட்டுக்கே வராமல் போவது இப்படித்தான்.

எந்தப் பள்ளி எது என்று குழம்பாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. இந்தியாவில் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யுடைஸ் எண் உண்டு. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு அது 33. அடுத்த இரண்டு மாவட்டம், அடுத்த இரண்டு வட்டாரம், பிறகு மூன்று இலக்கம் கிராமம், கடைசி இரண்டு பள்ளி. முதல் ஆறு இலக்கம் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே வட்டாரத்துப் பள்ளிகள். பெயர்கள் ஒரே மாதிரி இருக்கும்போது இந்த எண்தான் கைகொடுக்கும்.

நடுநிலைப் பள்ளி விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. அங்கே ஆறு முதல் எட்டு வரை பட்டதாரி ஆசிரியர்கள், ஒன்று முதல் ஐந்து வரை இடைநிலை ஆசிரியர்கள். பள்ளியின் மொத்த ஆசிரியர் எண்ணிக்கையை மொத்தக் குழந்தைகளால் வகுத்து, அதைத் தொடக்கப் பள்ளியோடு ஒப்பிட்டால் கணக்கு சேராது. தொடக்க வகுப்புகளை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நாலு குழந்தைகளின் சதவீதம்

இனி விளக்கத்துக்காக இரண்டு கற்பனைப் பள்ளிகளை வைத்துக்கொள்வோம். எண்களும் நானே போட்டவை. ஒன்று ஏரிக்கரைப் பள்ளி: 22 குழந்தைகள், 2 ஆசிரியர்கள். இன்னொன்று ரோட்டுப் பள்ளி: 84 குழந்தைகள், 3 ஆசிரியர்கள்.

ஏரிக்கரையில் மூன்றாம் வகுப்பில் 4 பேர். அவர்களில் 3 பேர் ஒரு பத்தியைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறார்கள். ரிப்போர்ட்டில் 75 சதவீதம். ரோட்டுப் பள்ளியில் 17 பேரில் 11 பேர் வாசிக்கிறார்கள். 65 சதவீதம். பட்டியலில் ஏரிக்கரை மேலே, ரோட்டுப் பள்ளி கீழே. அடுத்த வருஷம் ஏரிக்கரையின் மூன்றாம் வகுப்புக்கு வேறு நாலு குழந்தைகள் வருகிறார்கள். அதில் ஒருத்தி மட்டும் நன்றாக வாசிக்கிறாள். 25 சதவீதம். போன வருஷம் கைதட்டு வாங்கிய அதே டீச்சரிடம் இந்த வருஷம் விளக்கம் கேட்கிறார்கள்.

டீச்சர் மாறவில்லை, பாடம் நடத்துகிற விதமும் மாறவில்லை. ஏரிக்கரையில் ஒரு குழந்தை 25 சதவீதப் புள்ளிகளுக்குச் சமம். ரோட்டுப் பள்ளியில் ஒரு குழந்தை சுமார் 6 புள்ளிதான். தேர்வு நாளில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலே சின்னப் பள்ளியின் ரேங்க் மாறிவிடும்.

இதையே நாணயம் சுண்டுவதாக வைத்துப் பார்க்கலாம். ஒன்றியத்தில் 40 சின்னப் பள்ளிகள், ஒவ்வொன்றிலும் மூன்றாம் வகுப்பில் 4 குழந்தைகள் என்று கொள்வோம். எல்லாப் பள்ளியும் ஒரே தரம், எங்கேயும் ஒரு குழந்தை வாசிக்கக் கற்றிருக்கும் வாய்ப்பு சரிபாதி என்றும் வைத்துக்கொள்வோம். நாலு பேரும் வாசிப்பதற்கான வாய்ப்பு 16-ல் ஒன்று. நாலு பேரும் வாசிக்காமல் இருப்பதற்கும் அதே 16-ல் ஒன்று. ஆக 40 பள்ளிகளில் இரண்டு மூன்று "நூற்றுக்கு நூறு" வாங்கும், இரண்டு மூன்று பூஜ்யம் வாங்கும். தர வித்தியாசம் துளியும் இல்லாமலேயே! அதே வாய்ப்போடு 25 குழந்தைகள் உள்ள வகுப்பு நூற்றுக்கு நூறு வாங்குவதற்கான வாய்ப்பு மூன்றே கால் கோடியில் ஒன்றுக்கும் குறைவு. ஆகவே பட்டியலின் உச்சியிலும் அடியிலும் எப்போதும் சின்னப் பள்ளிகளே இருக்கும். பெரிய பள்ளிகள் நடுவில் கூடும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத் தொடக்கப் பள்ளிகளின் மதிப்பெண்களைத் தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டைகர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2002-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பரிசு பெறும் உச்சிப் பள்ளிகளிலும் சரி, தண்டிக்கப்படும் கடைசிப் பள்ளிகளிலும் சரி, சின்னப் பள்ளிகள் அளவுக்கு மீறி இருந்தன. ஹோவர்ட் வெய்னர் என்ற புள்ளியியலாளர் 2007-ல் இதன் அடியில் உள்ள சூத்திரத்துக்கு "மிக ஆபத்தான சமன்பாடு" என்றே பெயர் வைத்தார். சூத்திரம் எளியதுதான்: குழந்தைகளின் எண்ணிக்கை நாலு மடங்கானால் சராசரியின் ஆட்டம் பாதியாகும். நம் உதாரணத்தில் 4 பேர் வகுப்புக்கு ஆட்டம் 25 புள்ளி, 25 பேருக்கு 10 புள்ளி, 100 பேருக்கு 5 புள்ளி.

அமெரிக்காவில் அந்தக் காலத்தில் உச்சியில் மட்டும் கண்ணை வைத்தார்கள். சின்னப் பள்ளிகள்தான் ஜெயிக்கின்றன என்று நம்பி, கேட்ஸ் அறக்கட்டளை உள்படப் பலர் பணம் போட்டுப் பெரிய உயர்நிலைப் பள்ளிகளைச் சின்னச் சின்னதாகப் பிரித்தார்கள். நம் ஊரில் ஆபத்து தலைகீழாக வருகிறது. நாம் அடியை மட்டும் பார்க்கிறோம். கடைசி இடங்களில் சின்னப் பள்ளிகள் தெரிந்தவுடன் "சின்னப் பள்ளின்னாலே தரமில்லை, பக்கத்துப் பள்ளியோட சேர்த்துடலாம்" என்ற பேச்சு வந்துவிடுகிறது. இரண்டு ஊரும் செய்தது ஒரே தப்பு.

"அசர் ரிப்போர்ட்ல எங்க மாவட்டம் பின்தங்கியிருக்குன்னு போட்டிருக்கே, அப்போ எங்க பள்ளியும் அப்படித்தானே?" என்று சிலர் கேட்பதுண்டு. அசர் ஆய்வு, மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு என்று வீடுகளில் போய் எடுப்பது. மாவட்ட அளவில் பேசவே அது வடிவமைக்கப்பட்டது. அதிலிருந்து ஒன்றியத்துக்கோ பள்ளிக்கோ இறங்க முடியாது. குழந்தைகளைப் பள்ளியிலேயே சோதிக்கும் அடைவு ஆய்வுகளில் பள்ளிவாரி எண் கிடைத்தாலும், 3, 5 என்று குறிப்பிட்ட வகுப்புகளை மட்டும் எடுப்பதால் ஏரிக்கரை மாதிரிப் பள்ளியில் மறுபடியும் அதே நாலு குழந்தைகள்தான்.

1:11 என்றால் சொகுசா?

அடுத்த எண், ஆசிரியர்–மாணவர் விகிதம். ஏரிக்கரையில் 22 பேருக்கு 2 ஆசிரியர், அதாவது 1:11. ரோட்டுப் பள்ளியில் 1:28. முதலாவதைப் பார்த்தால் பெரிய கான்வென்ட்டில்கூடக் கிடைக்காத வசதி மாதிரித் தெரியும்.

ஆனால் ஏரிக்கரையில் இரண்டு ஆசிரியருக்கு ஐந்து வகுப்பு. ஒரு நாளில் 5 மணி நேரம் பாடம் என்று வைத்தால், இரண்டு ஆசிரியருக்கும் சேர்த்து 10 மணி நேரம். ஐந்து வகுப்புக்குப் பிரித்தால் வகுப்புக்கு 2 மணி நேரம். மீதி 3 மணி நேரம் அந்த வகுப்பு தானாக எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும். ரோட்டுப் பள்ளியில் 15 மணி நேரம், வகுப்புக்கு 3 மணி நேரம்.

இப்போது ஒரு ஆசிரியர் இல்லாத நாளைக் கணக்கிடுவோம். ட்ரெய்னிங், மெடிக்கல் லீவு, வட்டாரக் கூட்டம், தேர்தல் வேலை என்று ஏதோ ஒன்று. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. அந்த மூன்றுமே லேசான வேலைகள் கிடையாது. அன்றைக்கு ரோட்டுப் பள்ளியில் வகுப்புக்கு 3 மணி 2 மணியாகும். ஏரிக்கரையில் 2 மணி 1 மணியாகும். அது அன்றைக்கு ஓராசிரியர் பள்ளி. அந்த ஒருவர்தான் தலைமையாசிரியர் என்றால் எமிஸ் ஆப்பில் வருகைப் பதிவு, சாப்பாட்டுக் கணக்கு, வாட்ஸப்பில் "உடனே அனுப்பவும்" என்று வரும் படிவம் எல்லாம் அவர் தலையில்.

இதனால்தான் நான் "ஆசிரியருக்கு எத்தனை மாணவர்" என்பதோடு "ஆசிரியருக்கு எத்தனை வகுப்பு" என்றும் கணக்குப் போடுவேன். ஏரிக்கரையில் 2.5. ரோட்டுப் பள்ளியில் 1.7. ரிப்போர்ட் கார்டில் இந்த எண் அச்சாகியிருக்காது, ஆனால் அதிலிருக்கும் விவரத்தை வைத்து யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

சின்னப் பள்ளிக்கு நியாயம் செய்ய இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த 2 மணி நேரத்தில் டீச்சர் முன்னால் இருப்பது நாலைந்து குழந்தைகள். ஒவ்வொருவரையும் தினமும் வாசிக்கச் சொல்லிக் கேட்க முடியும். 17 பேர் இருக்கும் வகுப்பில் அது நடக்காது. தவிர, ஐந்து வகுப்பையும் ஐந்தாகவே நடத்த வேண்டும் என்பதில்லை. 2007-08 வாக்கில் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலும், 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் பல வகுப்புக் குழந்தைகள் சேர்ந்து உட்காரும் நிலையை மனதில் வைத்து உருவானவை. எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்துப் பிரிப்பார்கள். ஒன்று முதல் மூன்று ஒரு அறை, நான்கும் ஐந்தும் இன்னொரு அறை என்று வைத்தால், ஒவ்வொரு அறையிலும் முழு 5 மணி நேரமும் ஆசிரியர் இருக்கிறார். அதைத் திட்டமிட்டு நடத்தும் பள்ளிக்கும், "இவங்களுக்குக் கணக்கு குடுத்துட்டு அவங்களுக்குத் தமிழ்" என்று ஓடும் பள்ளிக்கும் இருக்கும் வித்தியாசம் எந்த விகிதத்திலும் தெரியாது.

61-ஆவது குழந்தை

22 பேருக்கும் 2 ஆசிரியர், 84 பேருக்கு 3 மட்டும் எப்படி? கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் அட்டவணைதான் காரணம். ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை 60 குழந்தைகள் வரைக்கும் 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3. 91 முதல் 120 வரை 4. 121 முதல் 200 வரை 5. குழந்தைகள் 150-ஐத் தாண்டினால் தனியாக ஒரு தலைமையாசிரியரும் உண்டு.

இந்தப் படிக்கட்டைக் கவனியுங்கள். 12 குழந்தை உள்ள பள்ளிக்கும் 60 குழந்தை உள்ள பள்ளிக்கும் அதே இரண்டு பேர்தான். 60 பேர் இருக்கும் பள்ளியில் ஆசிரியருக்கு 30 குழந்தை, 2.5 வகுப்பு. விகிதம், வகுப்புச் சுமை இரண்டிலும் அடி. 61-ஆவது குழந்தை வந்தால் மூன்றாவது ஆசிரியருக்கு இடம் உண்டு. ஒன்றியத்துக்குள் மிகவும் சிரமப்படும் பள்ளி எது என்று என்னைக் கேட்டால், 15 பேர் இருக்கும் பள்ளியைக் காட்டமாட்டேன். 50-க்கும் 60-க்கும் நடுவில் நிற்கும் பள்ளியைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். "நல்ல ஸ்ட்ரெங்த் இருக்கு, பிரச்சினை இல்லை" என்று எல்லோரும் தாண்டிப் போகும் பள்ளி அது.

தமிழ்நாட்டில் வழக்கமாக ஆகஸ்ட் 1-ஆம் தேதி நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையை எடுத்துப் பணியிடங்களை நிர்ணயிக்கிறார்கள். அன்றைக்கு 62 இருந்த பள்ளியில் இரண்டு குழந்தைகள் வேனில் ஏறிப் போய்விட்டால் 60. மூன்றாவது ஆசிரியர் "உபரி". பணி நிரவலில் அவர் வேறு பள்ளிக்குப் போவார். மிச்சமிருக்கும் 60 பேரும் அதுவரை பெற்றதைவிடக் குறைவாகவே பெறுவார்கள். அதைப் பார்த்து இன்னும் நாலு குடும்பம் கிளம்பும். "எது நல்ல பள்ளி?" என்று கேட்டு நாம் எடுக்கிற முடிவு, இப்படித்தான் அந்தப் பள்ளியின் தரத்தையே மாற்றுகிறது.

யார் வந்து உட்காருகிறார்கள்?

இரண்டு பள்ளியின் வாசிப்புத் திறனை ஒப்பிடும்போது, அந்தப் பிள்ளைகள் எங்கிருந்து தொடங்கினார்கள் என்பது தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தளி, கெலமங்கலம் ஒன்றியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பல குழந்தைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். ஈரோடு மாவட்டத் தாளவாடியிலும் கன்னடம் பேசும் குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் தமிழ்வழியில் படிக்கும் ஒரு குழந்தைக்குத் தமிழ்ப் பத்தி என்பது இரண்டாம் மொழிப் பத்தி. ஒரே ஒன்றியத்தில் தமிழ் வீட்டுக் குழந்தைகள் அதிகமுள்ள பள்ளியோடு அந்தப் பள்ளியை ஒரே வரிசையில் வைத்து மார்க் போட்டால், நாம் அளப்பது டீச்சரின் உழைப்பை இல்லை, வீட்டு மொழியை.

இதே போல் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறவர்களின் பிள்ளைகள் வருஷத்தில் சில மாதம் பள்ளியிலேயே இருக்கமாட்டார்கள். சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு வருஷத்துக்கு 200 வேலை நாள் என்கிறது. அது பள்ளி திறந்திருக்கும் நாள். குழந்தை வந்த நாள் வேறு கணக்கு. வசதி கொஞ்சம் கூடிய வீட்டுப் பிள்ளைகள் தனியார் நர்சரிக்கும், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்கும் போன பிறகு மிஞ்சுவது யார் என்பதும் பள்ளிக்குப் பள்ளி மாறும். மெயின் ரோட்டில் இருக்கும் பள்ளிக்கு வேன் போட்டி அதிகம். மலையடிவாரத்தில் இருக்கும் பள்ளிக்கு வேனே வராது, அதனால் அங்கே எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். பின்னது பட்டியலில் மேலே வந்தால், அதில் எவ்வளவு பள்ளியின் பங்கு என்று யோசிக்க வேண்டும்.

சாதியையும் சொல்லாமல் விட முடியாது. அரைக் கிலோமீட்டர் இடைவெளியில் ஊருக்குள் ஒரு பள்ளி, காலனியில் ஒரு பள்ளி இருக்கும். இரண்டிலும் இருபது இருபது பேர். காகிதத்தில் பார்த்தால் இணைத்துவிடலாம் என்று தோன்றும். நாற்பது பேருக்கு நாலு ஆசிரியர் வைத்திருப்பது வீண் என்றும் தோன்றும். ஆனால் அட்டவணைப்படி நாற்பது பேருக்கும் இரண்டே ஆசிரியர்தான். இணைத்தால் ஆசிரியருக்கான வகுப்புச் சுமை குறையப்போவதில்லை, இரண்டு பணியிடம்தான் போகும். எந்தப் பள்ளிக் கட்டடம் மிஞ்சும், எந்தப் பிள்ளைகள் எந்தத் தெரு வழியாக நடந்து போவார்கள் என்ற கேள்விக்கு எக்ஸெல் ஷீட்டில் கட்டமே இல்லை. ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்ற விதி தூரத்தைத்தான் அளக்கிறது.

அப்போ எதைப் பார்ப்பது?

ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரே ஒன்றியத்துக்குள் நிஜமாகவே நல்ல பள்ளியும் உண்டு, மோசமான பள்ளியும் உண்டு. கண்டுபிடிக்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான். நான் செய்வது இதுதான்.

சின்னப் பள்ளியில் சதவீதத்தைத் தொடுவதில்லை. "நாலில் மூன்று" என்றே எழுதுவேன். எழுதும்போதே அது எவ்வளவு சின்ன எண் என்று புரிந்துவிடும். மூன்று வருஷத்து மூன்றாம் வகுப்பைச் சேர்த்துப் பார்த்தால் ஏரிக்கரையில் 12 குழந்தைகள், ரோட்டுப் பள்ளியில் 51 பேர். இன்னும் ஆட்டம் இருக்கும், ஆனால் பேசத் தகுந்த எண்.

வெவ்வேறு குழந்தைகளை ஒப்பிடுவதைவிட, அதே குழந்தைகளைத் தொடர்வது நல்லது. ஜூனில் அரும்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் மார்ச்சில் மொட்டுக்கோ மலருக்கோ வந்தார்கள்? எங்கிருந்து தொடங்கினாலும் நகர்வு தெரியும். தாய்மொழி வேறாக இருக்கும் பள்ளிக்கும் இது நியாயமான அளவு.

வருகைப் பதிவில் வருஷ சராசரியைக் கேட்காமல், எந்த மாதம் இறங்குகிறது என்று கேளுங்கள். சூளை சீசனில் இறங்கித் திரும்ப ஏறினால் அது ஊரின் கதை. வருஷம் பூராவும் மெல்ல இறங்கினால் பள்ளிக்குள் ஏதோ சரியில்லை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் சில பள்ளிகளில் தொடங்கி 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுக்க வந்தது. இப்போது அது எல்லாப் பள்ளிக்கும் பொது என்பதால் பள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் என்ற கட்டங்களும் பெரும்பாலும் எல்லாருக்கும் "ஆம்" என்றே இருக்கும். மத்தியானம் மூணு மணிக்குப் போய் குழாயைத் திறந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

ஆசிரியர் விஷயத்தில் மூன்று கேள்வி. பதிவேட்டில் இருக்கும் இரண்டு பேரும் இங்கேயேதான் வேலை செய்கிறார்களா, ஒருவர் மாற்றுப் பணியில் வேறு பள்ளியில் இருக்கிறாரா? எத்தனை வருஷமாக இருக்கிறார்கள்? ஒருவர் லீவு போட்டால் அன்றைக்கு ஐந்து வகுப்பும் எப்படி உட்காரும்? மூன்றாவது கேள்விக்குப் பட்டென்று பதில் வந்தால், அந்தப் பள்ளி யோசித்து நடத்தப்படுகிறது என்று அர்த்தம்.

பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியும் கேளுங்கள். சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். கடைசியாக எப்போது கூடியது, என்ன பேசினார்கள் என்று ஓர் உறுப்பினரால் சொல்ல முடிகிறதா?

ஒன்றியத்துப் பள்ளிகளைப் பற்றி எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த தகவல்கள் எந்த இணையதளத்திலிருந்தும் வந்தவை இல்லை. நாலைந்து தொடக்கப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வந்து சேரும் உயர்நிலைப் பள்ளியின் ஆறாம் வகுப்பு ஆசிரியரைக் கேளுங்கள். எந்த ஊர்ப் பிள்ளைகள் வாசித்துக்கொண்டு வருகிறார்கள், எந்த ஊர்ப் பிள்ளைகள் கணக்கில் கெட்டி, எந்த ஊரிலிருந்து வருகிறவர்கள் கை தூக்கிக் கேள்வி கேட்கிறார்கள் என்று வருஷா வருஷம் பார்க்கிறவர் அவர். ஒரு வருஷத்து நாலு குழந்தையை வைத்து அவர் பேசமாட்டார். பத்து வருஷத்து நாற்பது குழந்தை அவர் ஞாபகத்தில் இருக்கும்.

கடைசியாக, அந்தப் பள்ளிக்கே ஒரு நாள் போய் வாருங்கள். இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை மூன்றாம் வகுப்புக் குழந்தையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நன்றாக வாசிக்கிற குழந்தையைத்தான் முதலில் முன்னால் அனுப்புவார்கள், அது இயல்பு. பின்வரிசையில் இருக்கும் பிள்ளை தடுமாறும்போது டீச்சர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். "அவன் அப்படித்தான் சார், வீட்டுல யாரும் கவனிக்க மாட்டாங்க" என்கிறாரா, "போன மாசம் எழுத்தே தெரியாது, இப்ப ரெண்டெழுத்துச் சொல்லு வரைக்கும் வந்துட்டான்" என்கிறாரா என்று கேளுங்கள்.

இரண்டாவது பதில் கிடைக்கும் பள்ளி உங்கள் ஊரிலேயே இருந்தால், அது 22 பேர் படிக்கிற பள்ளியாக இருந்தாலும் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். கூடவே அடுத்த வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள். ஆகஸ்ட் 1-க்குள் சொன்னால் இன்னும் நல்லது.